ஒரு சொட்டும் விடாத அண்ணாச்சி

தென்காசிக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் மவுனசாமி மடம் என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். சாமி எப்போதோ ஒரு மண்டலம் பேசாமல் இருந்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் இன்றுவரை அவர் வாய் மூடி ஒருத்தரும் பார்த்ததில்லை. வயசும் அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. நாற்பது இருக்கும்.

அவருடைய சீடர்களில் ஒருத்தர் ஆவுடையப்பன். பஸ் கண்டக்டர், வயசு ஐம்பத்து நாலு. தன்னைவிடப் பெரியவர் என்பதால் சாமி அவரை அண்ணாச்சி என்பார். அவர் இவரைச் சாமி என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் கிடையாது.

மடத்தில் அன்னதானம் நடக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவுடையப்பன் சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்து சாமி காலில் விழுந்தார்.

"சாமி, எனக்கு விடுதலை வேணும்."

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். மடத்துக்கு வருகிறவர்கள் டிரான்ஸ்பர் கேட்பார்கள், மகளுக்கு மாப்பிள்ளை கேட்பார்கள். விடுதலை கேட்டு ஒருத்தரும் வந்ததில்லை.

"எதுலேருந்து அண்ணாச்சி?"

"வீட்டுக் கடன்லேருந்து."

"அட போங்க," என்று சாமி பழையபடி சாய்ந்துகொண்டார்.

"சிரிக்காதீக சாமி. இன்னும் ஆறு வருசம் தவணை கட்டணும். மாசம் பொறந்தா சம்பளம் வருது, வந்த வேகத்துல பாங்குக்காரன் எடுத்துக்கிடுதான். நான் கட்டின வீட்டுல நானே வாடகைக்கு இருக்கேன். சோறு இறங்க மாட்டேங்கு."

"சரி, என்ன செய்யப் போறீக?"

"நாளைக்கே பாங்குக்குப் போயி மொத்தத்தையும் அடைச்சிரப் போறேன்." ஆவுடையப்பன் குரலில் உற்சாகம் பொங்கியது. "வைப்புநிதியில எடுத்தாச்சு. தபால் ஆபீஸ்ல போட்டதையும் எடுத்தாச்சு. செம்பகம் பேர்ல கிடந்தது, புள்ள படிப்புக்குன்னு வச்சிருந்தது, எல்லாத்தையும் கூட்டிப் பாத்தேன். அப்படியே சரியா வருது சாமி! ஒத்த ரூவா கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"புள்ளைக்கு எப்போ பீஸ் கட்டணும்?"

"அடுத்த மாசம். நர்சிங்ல இடம் கிடைச்சிருக்கு."

"அதுக்கு?"

"அப்போ பாத்துக்கிடலாம் சாமி. யார்ட்டயாவது வாங்கிக்கிடலாம். மொதல்ல இந்தச் சனியன் ஒழியட்டும்."

"மதினி என்ன சொல்லுதாக?"

"அவ என்ன சொல்லுவா? மூணு நாளா ரசம் மட்டும்தான் வைக்கா."

உண்மையைச் சொன்னால், ஆவுடையப்பன் யோசனை கேட்டு வரவில்லை. சாமி வாயால் 'அடைச்சிருங்க' என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போனால் மனைவி செம்பகவல்லியை மடக்கிவிடலாம் என்று வந்திருந்தார். சாமி சொன்னால் அவள் தட்டமாட்டாள். சமையலுக்கு உதவியாக மகளிர் குழுப் பெண்களோடு அவளும் வேனில் வருகிறாள். அவள் வந்து சேருவதற்குள் வார்த்தையை வாங்கிவிட வேண்டும்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் சாமி."

சாமி வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மொட்டை மாடியில் தண்ணீர் சளசளவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது.

"போச்சுடா! தொட்டிக் குழாயில ஓட்டை விழுந்திருச்சு போல. சாயங்காலம் வரைக்கும் கரண்டு கிடையாது. பந்திக்கு அந்தத் தண்ணிதான். அண்ணாச்சி, ஓடிப்போய் அதைக் கொஞ்சம் அடைங்க. மத்ததை வந்து பேசுவோம்."

ஆவுடையப்பன் ஓடினார். அடைப்பது என்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும்?

தொட்டிக்கு அடியில் குழாயில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கி உள்ளே திணித்தார். மிச்சத் துண்டைச் சுற்றிச் சுற்றி இறுக்கினார். கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. ஆனால் அடியில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு.

"நின்னுச்சா?" என்று கீழேயிருந்து சாமி கேட்டார்.

"சொட்டுது சாமி."

"சொட்டுனா சொட்டட்டும். பிளம்பருக்குப் போன் போட்டாச்சு, சாயங்காலம் வாரான். அதுவரைக்கும் தாங்கும். இறங்கி வாங்க."

ஆவுடையப்பன் இரண்டு படி இறங்கினார். சொட்டு. இன்னும் ஒரு படி. சொட்டு. அவரால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு சொட்டும் அவர் சம்பளத்திலிருந்து போகிற மாதிரியே இருந்தது. திரும்ப ஏறினார்.

"ஒரு சொட்டு விடமாட்டேன் சாமி!" என்று கத்தினார்.

சுற்றிலும் தேடினார். ஒரு கந்தல் இல்லை, சாக்கு இல்லை. இடுப்பில் எட்டு முழம் கிடக்கும்போது என்ன கவலை? அவிழ்த்தார். துண்டின்மேல் வேட்டியைப் போட்டுச் சுற்றி, காலை ஊன்றி இழுத்து, மூன்று முடிச்சுப் போட்டார். குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. என்ன ஒரு நிம்மதி! பட்டாபட்டி டிராயரோடு இடுப்பில் கைவைத்து நின்று, மலையைப் பார்த்து மூச்சை நன்றாக இழுத்துவிட்டார்.

கீழே வேன் வந்து நின்றது.

இருபது பெண்கள் இறங்கினார்கள். மாடிப்படிக்கு நேர் எதிரே பாயை விரித்து, காய்கறிக் கூடைகளை இறக்கி, அரிவாள்மனையோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஆவுடையப்பன் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினார்.

"என்னங்க!" செம்பகவல்லியின் குரல். "மாடியில என்ன பண்ணுதீக? தேங்கா உடைக்க ஆள் இல்ல, வாங்க!"

"வாரேன், வாரேன்!" என்றார், நகராமல்.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நனைந்த துணி, பஸ் கூரையில் மூட்டை கட்டிப் பழகிய கண்டக்டர் போட்ட முடிச்சு. நகம்தான் பெயர்ந்தது. அவிழ்ந்தாலும் இருபது பேர் சமைக்கிற தண்ணீர் மாடியில் ஓடும். கீழே யாரோ என்னவோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். தன்னைப் பற்றித்தானோ என்று ஆவுடையப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"யாராவது போய்ப் பாருங்கடி, மனுசன் மயங்கிக் கிடக்காரா என்னவோ," என்றாள் செம்பகவல்லி.

"நானே போறேன் மதினி," என்று சாமி படியேறி வந்தார். தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பட்டாபட்டியைப் பார்த்தார்.

"நல்லா அடைச்சிருக்கீக அண்ணாச்சி. ஒரு சொட்டு இல்ல."

"சாமி, மானத்தைக் காப்பாத்துங்க. ஒரு வேட்டி இரவலாத் தாங்க."

"எங்கிட்ட காவிதான் இருக்கு."

"எதுவா இருந்தாலும் தாங்க."

"பழசு. நடுவுல கிழிஞ்சிருக்கும்."

"பரவாயில்ல சாமி, சீக்கிரம்! அந்தா, அவ படியில கால் வச்சிட்டா!"

"தாரேன்," என்று சாமி நிதானமாகப் படிக்கட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார். "வட்டி எவ்வளவு குடுப்பீக?"

"வேட்டிக்கு வட்டியா?"

"மணிக்கு நூறு ரூவா."

"அநியாயமா இருக்கே சாமி! ஒரு நியாயமாச் சொல்லுங்க."

"நியாயம் பேச இடுப்புல துணி வேணும் அண்ணாச்சி," என்றார் சாமி.