சிவப்பு நூலில் ஒரு பெயர்

“பதினோரு வருஷமா தைக்கேன் அம்மா. ஒரு தலையணை உறையிலேகூட அவ தலை வச்சதில்லை.”

தரையில் உட்கார்ந்தும் உட்காராததுமாக உலகம்மாள் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

எதிரே சாமியம்மா பனையோலைப் பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு வயது நாற்பதுகூட இருக்காது. உலகம்மாளுக்கு அறுபத்திரண்டு. ஆனாலும் அந்த மலையடிவாரத்துக் குடிலுக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து, அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக் கொடுப்பாள். மனசில் பாரம் ஏதாவது கிடந்தால் அதையும் அங்கேதான் இறக்கி வைப்பாள்.

“யாரு தலை வைக்கலை?” என்றாள் சாமியம்மா.

“என் மருமகதான். வேற யாரு?”

“சண்டையா?”

“சண்டை போட்டாத்தான் தேவலையே. ஒரு சொல் எதிர்த்துப் பேசமாட்டா. நான் காய்ச்சல்னு படுத்தா மிளகுக் கஞ்சி வச்சு ஊதி ஊதிக் கொடுப்பா. ஆனா நான் தச்சுக் கொடுத்ததை மட்டும் தொடமாட்டா. மடிச்சு அலமாரி அடித்தட்டிலே வச்சிருவா. அவ்வளவுதான்.”

உலகம்மாளின் கை சும்மா இருக்காத கை. யார் வீட்டு விசேஷமானாலும் கடையில் வாங்கிக் கொடுக்க அவளுக்கு மனசு வராது. பக்கத்து வீட்டு ஜோஸ்பின் டீச்சருக்கு மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு சின்னப் பை. தம்பி மகனுக்குச் சாப்பாட்டுப் பை. கூடப் படித்த சிநேகிதிக்கு அறுபதாம் கல்யாணத்துக்கு மேசைவிரிப்பு. எல்லாவற்றிலும் அவரவர் பெயரைச் சிவப்பு நூலில், சங்கிலித் தையலில் போட்டுக் கொடுப்பாள். ஊசி ஒவ்வொரு தரம் இறங்கி ஏறும்போதும், “முருகா, நோய்நொடி இல்லாம வை” என்று அந்த ஆளுக்காக உதடு முணுமுணுக்கும்.

வாங்கியவர்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒருத்தியைத் தவிர.

“வர்ற வியாழக்கிழமை அவ மஸ்கட் போறா அம்மா. என் மகன்கிட்டே. பிள்ளைங்க ரெண்டையும் கூட்டிட்டு.”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். பெட்டி கட்டியாச்சு. அவ குளிக்கப் போன நேரம் நான் எட்டிப் பார்த்தேன். தப்புதான். பார்த்துட்டேன். சுண்ட வத்தல் இருக்கு, அப்பளம் இருக்கு, ரசப்பொடி இருக்கு. என் கைத்தையல் ஒண்ணுகூட இல்லை.”

சாமியம்மா ஓலையை மடக்கிச் செருகினாள்.

“ஒண்ணே ஒண்ணு அவகூடப் போகணும். அது போதும் எனக்கு. இனி நான் அவளை எப்போ பார்க்கப் போறேன்? வழி சொல்லுங்க.”

“அதுகள்லே என்ன தச்சீங்க?”

“அவ பேரைத்தான். செல்வின்னு. ரெண்டு பக்கமும் பிச்சிப்பூ வச்சு.”

சாமியம்மாவின் விரல் நின்றது.

“செல்வியா? ரொம்ப வருஷத்துக்கு முன்னே அந்தப் பிள்ளை ஒருதரம் இங்கே வந்துச்சு. பேரு கேட்டப்போ வேற என்னமோ சொன்ன மாதிரி ஞாபகம்.”

உலகம்மாள் சிரித்துவிட்டாள்.

“அது அவ பழைய பேரு அம்மா. அதை நான் எப்படிச் சொல்ல? என் மாமியா பேருல்லா அது!”

“என்ன பேரு?”

“அதான்... நெல்லையிலே இருக்காளே தாயி. நெல்லையப்பர் பக்கத்திலே.”

அரிசி களைந்துகொண்டிருந்த பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“காந்திமதின்னு சொல்லித் தொலையேன். சொன்னா உன் மாமியா எந்திச்சு வந்து உன் கொண்டையைப் பிடிச்சிருவாளாக்கும்!”

உலகம்மாள் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“சும்மா இரு பேச்சி. அவங்க போய் இருபது வருஷமாச்சு. ஆனாலும் எனக்கு அந்தப் பேரு வாய்க்கு வரமாட்டேங்கு. வீட்டு மருமகளை ஏட்டி, வாட்டின்னு கூப்பிட வேண்டியிருக்கும். மாமியா பேரைச் சொல்லி அப்படிக் கூப்பிட முடியுமா? அதான் அவ கல்யாணம் ஆகி வந்த அன்னிக்கே மாத்திட்டேன். செல்வி. நல்ல பேருதானே அம்மா? என் மகனும் அப்படித்தான் கூப்பிடுவான். தெருவே அப்படித்தான் கூப்பிடும்.”

“அவளைப் பெத்தவங்க?”

“அவங்க இருந்தவரைக்கும் பழைய பேருதான் சொல்லுவாங்க. ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தாச்சு. பாவம்.”

சாமியம்மா ஓலையில் தண்ணீர் தெளித்து, நகத்தால் கிழித்து, இன்னொரு வரிசை முடைந்தாள்.

பிறகு நிமிர்ந்து, “தங்கம்” என்றாள்.

உலகம்மாள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை.

“உங்களைத்தான். தங்கம், போய் வெண்டைக்காயை நறுக்குங்க. நேரமாகுது.”

“அம்மா, நான் உலகம்மா.”

“இருக்கட்டும். எனக்கு இதுதான் வாய்க்கு வருது. நல்ல பேருதானே?”

உலகம்மாள் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். சாமியம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தாள்.

அடுப்படியில் பேச்சியம்மாள் விடுவாளா?

“ஏட்டி தங்கம், கழுத்திலே மஞ்சக்கயிறுகூட இல்லாம எதை வச்சுட்டி உனக்கு இந்தப் பேரு?”

“எனக்குப் புருஷன் இல்லைன்னு இப்பத்தான் தெரியுதோ உனக்கு?”

“அதுக்கில்லை. ஒரு மோதிரமாவது போட்டுட்டு வந்திருக்கலாம்லா!”

எல்லாரும் சிரித்தார்கள். உலகம்மாளும் சிரித்தாள். முதல் தடவை அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குச் சாமியம்மா வந்து குழம்பை எட்டிப் பார்த்தாள். “தங்கம், புளி போதுமா?”

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அம்மா, எனக்கு முன்னாலே மூணு பிள்ளை பிறந்து பிறந்து செத்துப் போச்சு. நாலாவதா நான் வயித்திலே இருக்கும்போது எங்க அப்பா பாபநாசத்துக்கு நடந்தே போய், இது பிழைச்சா உன் பேரை வைக்கேன்னு அந்த அம்மன்கிட்டே வேண்டிக்கிட்டு வச்ச பேரு இது. உலகம்மை. விளையாட்டுக்குக்கூட மாத்தாதீங்க.”

“அப்படியா? நல்ல அப்பா.” சாமியம்மா ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். “உப்பு மட்டும் கொஞ்சம் போடுங்க, தங்கம்.”

பந்தி நடந்தது. இலை போட்ட பிள்ளைகள் “தங்கம் பாட்டி, மோரு” என்றார்கள். புதிதாக வந்திருந்த ஒரு அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க கைப்பக்குவம் பிரமாதம், தங்கம் அக்கா” என்றாள். உலகம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அம்மாள் கை கழுவப் போய்விட்டாள்.

ஓடிப் போய் நிறுத்தி, என் பேரு அது இல்லை என்று சொல்லவா முடியும்?

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மணி இருக்கும். குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். நினைப்பெல்லாம் மஸ்கட் பெட்டியில் இருந்தது.

“தங்கம்!”

“ஆங், வாரேன்!” என்றாள்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கையில் சாம்பல். அண்டாவில் தண்ணீர் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. பக்கத்திலிருந்த பேச்சியம்மாள் ஒன்றையும் கவனிக்கவில்லை. “குழாயை மூடுட்டி” என்றாள், அவ்வளவுதான்.

புறப்படும் நேரம் சாமியம்மா ஓலைப்பெட்டியை முடித்திருந்தாள். மூடியோடு, நாலு மூலையும் பிசகாமல், அழகான பெட்டி. அப்படி ஒன்று தனக்கு முடைந்து தர வேண்டும் என்று உலகம்மாள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசியும் நூல்கண்டும் போட்டு வைக்க.

சாமியம்மா ஒரு ஈர்க்குச்சியைச் சிவப்புச் சாயத்தில் தொட்டாள். மூடியின் மேல் நிதானமாக எழுதினாள். இரண்டு பக்கமும் ஒரு பூப்போட்டாள். காயும்வரை ஊதினாள். நீட்டினாள்.

தங்கம் என்று எழுதியிருந்தது.

உலகம்மாள் இரண்டு கையாலும் வாங்கினாள். பார்த்தாள். பிறகு குனிந்து, சுவர் ஓரமாக, மெதுவாக அதை வைத்துவிட்டாள்.

“எடுத்துக்கலையா?”

“இங்கேயே இருக்கட்டும் அம்மா.”

“ஒரு மாசமா முடைஞ்சேன். ஒவ்வொரு ஓலைக்கும் உங்களை நினைச்சுக்கிட்டேதான் முடைஞ்சேன்.”

“அது எனக்கு இல்லை அம்மா.” உலகம்மாள் செருப்பைத் தேடினாள். “அது வேற யாருக்கோ.”

“காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும்தானே கூப்பிட்டேன்” என்றாள் சாமியம்மா.

உலகம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மருமகள் கடைக்குப் போயிருந்தபோது அலமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். எல்லாம் இருந்தன. தலைத்தீபாவளிக்குக் கொடுத்த தலையணை உறை, வளைகாப்புக்குக் கொடுத்த சால்வை, பிள்ளை பெற்று வந்தபோது கொடுத்த போர்வை. ஒன்றில்கூடக் கறை இல்லை, கிழிசல் இல்லை. இடையிடையே அந்துருண்டை போட்டிருந்தது. எல்லாவற்றிலும் செல்வி, செல்வி, செல்வி.

தலையணை உறையை எடுத்து, ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணியாக நெம்பி எடுத்தாள். நூல் வந்துவிட்டது. துணியில் ஊசி போன இடம் மட்டும் போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் செல்வி என்றே வாசித்தது.

அதை மடித்து வைத்துவிட்டு, தன் டிரங்குப் பெட்டியிலிருந்த புது வெள்ளைத் துணியை எடுத்து வெட்டினாள்.

பெயரைத் தைக்குமுன் அதை வாயால் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித்தானே எல்லாருக்கும் தைத்திருக்கிறாள்? குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்தோடு நாக்கு மடங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் படத்துக்கு முன் விளக்கேற்றி வைத்துக் கும்பிட்டாள்.

“அத்தை, உங்க பேரைச் சொல்லப் போறேன். அது உங்க பேரு மட்டும் இல்லை. பொறுத்துக்கிடுங்க.”

சொன்னாள்.

படம் அப்படியேதான் இருந்தது. ஒரு பூகூட விழவில்லை. இதற்கா பதினோரு வருஷம் என்று நினைத்தபோது அவளுக்கு மாமியார் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது.

மூன்று நாள் தைத்தாள். முருகனைக் கூப்பிட்டாள். ஐந்து எழுத்து. சிவப்பு நூல். பூ வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை காலையில் முடிந்தது.

மருமகள் வீட்டுக்குப் பின்னால் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் சட்டைகள், ஊருக்குக் கொண்டுபோக வேண்டியவை. ஒவ்வொன்றையும் உதறி, நீவி, கிளிப் மாட்டினாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது.

உலகம்மாள் உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்வாசல் படியில் நின்றாள்.

“காந்திமதி.”

துணி உதறும் சத்தம் நிற்கவில்லை.

கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள்.

“காந்திமதி!”

இப்போது கை நின்றது. மருமகள் கொடியை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தாள். சந்துக் கதவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடைசியில் மாமியாரைப் பார்த்தாள்.

“யாரைத் தேடுதிய அத்தை? யாரும் வந்திருக்காங்களா?”