முத்திருளனும் சுமைதாங்கிக் கல்லும்

கேளுங்கள், பெரியவர்களே, பிள்ளைகளே. வானம் மறக்காமல் பெய்த காலமும் உண்டு, பெய்ய மறந்த காலமும் உண்டு. இது மறந்த காலத்துக் கதை.

கருங்காட்டூர் என்ற சிற்றூரில் முத்திருளன் என்றொரு சுமைகாரன் இருந்தான். பனந்தூண் மாதிரிக் கழுத்து அவனுக்கு. அவன் தலையில் ஏறிய மூட்டை போய்ச் சேரும் ஊரில்தான் இறங்கும். நடுவழியில் இறக்கினான் என்று யாரும் சொன்னதில்லை.

வெளியூர் கிளம்பும் சுமைகாரர்கள் ஊர் எல்லையில் அய்யனார் முன் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். முத்திருளன் நிற்கவே மாட்டான்.

"ஏன்டா, ஒரு கும்பிடு போட்டா கை தேஞ்சா போயிரும்?" என்று கேட்பார்கள்.

"மூட்டையைச் சுமக்கிறது நானா, அவரா? அவரு சுமக்கட்டும், கும்பிடுறேன்."

ஊரே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அதே ஊரில் சிவனணைந்தான் என்று ஒருவர் இருந்தார். அவர் மனைவி பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோனாள். அப்படிச் சுமையோடு போனவளின் நினைவாக வழியில் ஒரு சுமைதாங்கி நடுவது அந்தக் கால வழக்கம். இரண்டு கல்லை ஊன்றி, மேலே ஒரு நீளக் கல்லைக் கிடத்துவார்கள். ஆள் கழுத்துயரம் இருக்கும். தரையில் இறக்கிய மூட்டையைத் தனியாள் தூக்கித் தலையில் வைக்க முடியாது அல்லவா? இந்தக் கல்லின்மேல் என்றால் யார் துணையும் இல்லாமல் சாய்த்து வைக்கலாம், யார் துணையும் இல்லாமல் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ஊருக்கும் ஆற்றங்கரைச் சந்தைக்கும் இடையே நிழலில்லாத ஒரு பெரும்பொட்டல். அதன் நடுவில் கல்லை நட நினைத்தார் சிவனணைந்தான். மேல்கல்லைத் தூக்க முத்திருளனைக் கூப்பிட்டார்.

"எனக்கு வேண்டாத கல்லை நான் எதுக்குண்ணே தூக்கணும்? பலம் இல்லாதவன் தூக்கட்டும்."

பலம் இல்லாதவர்களே கூடித் தூக்கினார்கள். கல் நின்றது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முத்திருளன் தலையில் மூட்டையோடு அதன் முன் நிற்பான். "என்ன, ஆள் யாரும் வரலையா? நில்லு, நில்லு" என்று கேலி செய்துவிட்டுப் போவான்.

மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. மூன்றாம் வருஷமும் பொய்த்தது. மாடுகள் செத்தன. தானியக் குதிர்களில் தட்டினால் வெறும் ஓசைதான் வந்தது. முத்திருளனின் மனைவி பூவாத்தாள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். கூழ் இல்லாததால் பால் சுரக்கவில்லை. பிள்ளைக்கு அழுகிற தெம்பும் போய்விட்டது.

ஆற்றங்கரைக்காரர்கள் இரக்கப்பட்டு, ஒரு பெரிய மூட்டை கேழ்வரகு தருவதாக அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

"துணைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் பூவாத்தாள்.

"வர்றப்ப அவனுகளையும் சேர்த்து நான்தான் சுமக்கணும்!"

தனியாகவே போனான். அவனும் பட்டினிதான். அதை அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆற்றங்கரையில் நான்கு பேர் சேர்ந்து மூட்டையை அவன் தலையில் ஏற்றிவிட்டார்கள். உச்சி வெயிலில் பொட்டலுக்குள் இறங்கினான். அப்போதுதான் புழுதிக்காற்று எழுந்தது. வானம் மறைந்தது, பாதை மறைந்தது, தன் பாதமே அவனுக்குத் தெரியவில்லை. கால் மேலே நகர மறுத்தது. கழுத்து நரம்பு தீயாய் எரிந்தது. கீழே போட்டால் மூட்டை வெடிக்கும், தானியம் காற்றோடு போகும். வெடிக்காவிட்டாலும் திரும்பத் தூக்கிவிட ஆளில்லை.

முதலில் தன் கால்களைக் கூப்பிட்டான். "நடங்கடா! என்னைக்காவது நின்னிருக்கீங்களா?" கால்கள் கேட்கவில்லை.

அடுத்து மனிதர்களைக் கூப்பிட்டான். "யாராச்சும் இருக்கீங்களா?" காற்று அந்தக் குரலைத் தின்றுவிட்டது.

கூப்பிட வேறு யாரும் இல்லை. உதடு வெடித்த வாயால் அவன் சொன்னான்: "அய்யனாரே, என்னால முடியல. வீடு வரைக்கும் கேட்கல. ஒரு அடி குடு."

இடி இடிக்கவில்லை. குதிரைக் குளம்பும் கேட்கவில்லை. ஆனால் ஓர் அடி வைத்தான். "இன்னும் ஒண்ணு, சாமி" என்றான், வைத்தான். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று வைத்த மூன்றாவது அடியில் அவன் தோள் எதன்மீதோ மோதியது.

கல். அவன் கேலி செய்த கல்.

தலையைச் சாய்த்தான். மூட்டை நகர்ந்து கல்மேல் அமர்ந்தது. தலை வெறுமையானதும் கல்லைக் கட்டிக்கொண்டு பிள்ளை மாதிரி அழுதான். அதன் மறைவிலேயே உட்கார்ந்திருந்தான். காற்று அடங்கியதும் எழுந்து, மூட்டைக்கு அடியில் தலையைக் கொடுத்து, ஊரைப் பார்த்து நடந்தான்.

அய்யனார் கல்லை நகர்த்தினாரா, அவன் காலை நகர்த்தினாரா? நானும் வெகுகாலமாக யோசிக்கிறேன், விளங்கவில்லை. கல் எப்போதும் அங்கேதான் நின்றது. அந்த மூன்று அடி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. அவனிடம் அது இல்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் பூவாத்தாள் கூழ் குடித்தாள். விடிவதற்குள் பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஊர் சந்தோஷப்பட்டது.

முத்திருளன் சிவனணைந்தான் வீட்டுக்குப் போய், பொட்டலில் நடந்ததைச் சொல்லித் தலைகுனிந்து நின்றான்.

"அண்ணே, கல்லுத் தூக்கக் கூப்பிட்டீங்க. வராமப் போயிட்டேன்."

சிவனணைந்தான் சிரித்தார். "நல்லவேளை வரலை. நீ வந்திருந்தா உன்னைய நம்பித் தூக்கியிருப்போம். வராததாலதான் ஆளுக்கு ஆள் 'சாமி, சாமி'ன்னு கத்தினோம். கல்லு ஏறிருச்சு. 'எவனுக்கு முடியாமப் போகுதோ அவன் இங்க வந்து சேரட்டும்'னு வேண்டிக்கிட்டேன். அது நீயா இருப்பேன்னு எனக்கென்ன தெரியும்?"

அதன்பின் முத்திருளன் எல்லையில் நின்று கும்பிட்டான். பொட்டலில் களைப்பே இல்லாத நாளிலும் மூட்டையைக் கல்மேல் சாய்த்து வைத்தான்.

"என்னப்பா, வயசாயிருச்சா?" என்று கூட வருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஆமாப்பா, இப்பத்தான் ஆச்சு" என்பான்.

ஆகவே, கேட்டவர்களே, தன் பலம் தீர்ந்த இடத்தில் "என்னால் முடியவில்லை" என்று கடவுளிடம் சொல்லிவிட்டு அவரை நம்பி அடுத்த அடி வைப்பவனின் சுமை, வழியிலே விழுந்துவிடுவதில்லை.