கிட்டாருக்குள் முதுகு திருப்பிய அண்ணனும் தம்பியும்

அந்தக் காலத்தில் கருவிகளுக்குப் பேச்சு இருந்தது. எந்த வருஷம் என்று கேட்கக் கூடாது. மீனும் கொக்கும் வாயை மூடிவிட்டன, கருவிகள் இன்னும் மூடவில்லை, கடற்கரைக் குடியிருப்புகளுக்குக் கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. அவ்வளவு தெரிந்தால் போதும்.

வாசித்தால்தான் பேசும் என்றில்லை. சும்மா மூலையில் கிடக்கும்போதும் பேசும். ஆர்மோனியம் பக்கத்து வீட்டுக் குழம்பில் புளி கூடிவிட்டது என்று குறை சொல்லும். தபேலா அதற்கு ஆமாம் போடும். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சேசடிமையின் கிட்டாரைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை.

அதற்கு இரண்டு வாய். தந்திகளுக்கு அடியில், கழுத்தை ஒட்டி, தந்தியின் ஆட்டத்தைக் கரண்டாக்குகிற பிக்கப் ஒன்று. தந்திகள் போய் முடிகிற பிரிட்ஜை ஒட்டி இன்னொன்று. காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பியும்தான், ஆனால் அண்ணன் தம்பி. கழுத்துப் பக்கம் தந்தி அகலமாக ஆடும். அதனால் அங்கே இருந்த அண்ணனுக்குக் குரல் உருண்டு திரண்டு வரும். பிரிட்ஜ் பக்கம் தந்தி விறைத்து நிற்கும். அங்கே இருந்த தம்பிக்குக் குரல் ஊசி.

"ஏல, தகரத்தைத் தரையில போட்டு இழுக்காத" என்பான் அண்ணன்.

"நீ போர்வைக்குள்ள கிடந்து இருமாத. நீ சொல்றது ஒருத்தனுக்கும் விளங்கல" என்பான் தம்பி.

இருவருக்கும் வெளியே போக ஒரே கம்பி. எவனும் மற்றவனுக்கு வழி விடமாட்டான். சேசடிமை ஒரு தந்தியைத் தொட்டால் ஒரு சண்டை கேட்கும். கிட்டார் முதுகில் ஓங்கித் தட்டுவான். அடங்கினது கிடையாது.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின நாள். மத்தியானம். மைக் செட்காரன் சிலுவை, கோயில் கோபுரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, கடலைப் பார்த்த முகப்பில் ஆம்ப்ளிபயரைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். சேசடிமை ஒத்திகைக்குக் கிட்டாரோடு வந்தான். அவனுடைய அண்ணன் லாசர் வள்ளத்தோடு கடலுக்குள். லாசரின் பின்னால் ஊர் வள்ளங்கள் எல்லாம்.

கொண்டல் காற்று திடீரென்று திரும்பியது. மழை கடல்மேல் இறங்கி, கரைக்கு அப்பால் ஒன்றுமில்லாமல் பண்ணிவிட்டது.

அந்தக் கரைக்கு முன்னால் தண்ணீருக்கடியில் இரண்டு பாறைத் திட்டுகள். பார் என்பார்கள். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நடுவில் வள்ளம் நுழைகிற வழி. கண் தெரிந்தால் பிள்ளை விளையாட்டு. தெரியாவிட்டால் பலகை பலகையாகத்தான் கரைக்கு வரும். அதனால் அங்கே ஒரு வழக்கம். மழை கடலை மறைத்தால், முன்வள்ளத்துக்காரன் பெண்சாதி கரையில் நின்று வழி பாட வேண்டும். வள்ளத்திலிருந்து சங்கு ஊதுவார்கள். சங்கு வடக்கே கேட்டால், தெற்கே விலகு என்று பாடுவாள். தெற்கே கேட்டால், வடக்கே. வேறு எதையும் ஆண்கள் நம்பமாட்டார்கள்.

லாசரின் பெண்சாதி பிலோமி முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். நின்று பாடினாள். காற்று அவள் வாயிலிருந்தே சொல்லைப் பிடுங்கியது.

"மதினி, மைக்குக்கு வாங்க!" என்று சேசடிமை கத்தினான்.

மைக்கில் பாடினாள். குழாய் கொஞ்ச தூரம் கொண்டுபோனது. கடலிலிருந்து பதில் இல்லை.

"எட்டல" என்றான் சிலுவை. "மெலிஞ்ச குரலு. காத்துக்குள்ள நுழையாது."

"நான் நுழைவேன்" என்றான் தம்பி, கிட்டாருக்குள்ளிருந்து.

சேசடிமை கிட்டாரை அதே ஆம்ப்ளிபயரில் சொருகி ஓங்கி அடித்தான். தம்பியின் குரல் மழையைக் கிழித்துக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் சங்கு. வடக்கே.

"வடக்குப் பாரு!" பிலோமி வடக்கே கை நீட்டினாள். "நேரா பாருக்குத்தான் வாறாங்க."

"பாடுங்க மதினி, நான் விடாம அடிக்கேன்."

*அலையை இடத்தோளில் வாங்கு, ராசா,*
*தெற்கே தெற்கே விலகி வா...*

பாடினாள். போகவில்லை. ஒரே குழாய்க்குள் மூன்று குரல். தம்பி அவள் சொல்மேல் ஏறி உட்கார்ந்தான். அவனை அமுக்க அண்ணன் அதற்கு மேல் முழங்கினான். கடலுக்குச் சத்தம் போனது, சொல் போகவில்லை. வள்ளத்திலிருந்தவர்கள் சத்தம் வந்த திசையை நோக்கி நேராக வலித்தார்கள். மறுபடி சங்கு கேட்டது. அதே வடக்கு. முன்னைவிடப் பக்கத்தில்.

சேசடிமை தந்திகளைக் கையால் அமுக்கினான். பிலோமி தனியாகப் பாடினாள். சங்கு குழம்பி, விட்டு விட்டுக் கேட்டது. கரை எந்தப் பக்கம் என்றே அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"அடிங்க, நிறுத்தாதீங்க!" என்று அவள் அலறினாள். தொண்டை பாதி போய்விட்டது.

சேசடிமை குனிந்து கிட்டாரிடம் பேசினான். "தம்பி, கூப்பிடுறதுக்கு நீ. அவங்க பாடும்போது வாயை மூடிக்கோ. உன் கால்ல விழுறேன்."

"நான் மூடினா இவன் ஜெயிச்சதா ஆயிரும்."

"அண்ணே, நீயாவது சொல்லு."

"சின்னவன் மூடட்டும். பெறவு பார்ப்போம்."

"லாசர் சாகப் போறாம்ல!"

"அது யாரு?" என்றான் தம்பி. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். தன் சத்தத்தைத் தவிர எதற்கும் அவன் காதைக் கொடுத்ததில்லை.

சேசடிமை மடியைத் துழாவினான். மடியில் மீன் செதில் சீவுகிற தகடு இருந்தது. கிட்டாரின் முகத்தகட்டை நெம்பித் திறந்தான். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வெளியே போகிற அந்த ஒரே கம்பியை, இருவரும் வந்து சேருகிற முனையில் வெட்டினான்.

இருவரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். பிறகு குழாயில் ஒன்றுமில்லை.

"கெடுத்தியேல பாவி!" என்றான் சிலுவை.

"சும்மா இரு."

வெளியே போகிற கம்பியின் நுனியில் தகட்டைக் கட்டினான். தகட்டைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளி, தம்பியின் நுனியில் தொட வைத்து அடித்தான். ஊசிக்குரல் மட்டும் போனது. கடல் முழுக்கப் போனது. சங்கு பதில் சொன்னது. வள்ளங்களுக்குக் கரை எது என்று தெரிந்துவிட்டது.

தகட்டைக் கழுத்துப் பக்கம் தள்ளினான். தம்பி வாயடைத்தான். அண்ணன் மட்டும் அடியில் உருண்டான். துடுப்புப் போடுகிற தாளத்தில், மெதுவாக.

"இப்ப பாடுங்க மதினி."

சொல் எழுந்தது. ஆனாலும் சேசடிமை தந்தியைத் தட்டும்போதெல்லாம் ஒரு கூர் வந்து அவள் சொல்லின் முனையை ஒடித்தது. அண்ணனிடமும் தம்பியின் ரத்தம் கொஞ்சம் இருக்குமே.

மடியில் தூண்டில் கம்பி. ஒரு முனையைத் தகட்டில் சுற்றினான். மறுமுனையைக் காலடியில் ஈர மண்ணுக்குள் குத்தினான்.

மண் அவ்வளவாகப் பேசுகிற சாதி இல்லை. அன்றைக்குப் பேசியது.

"அந்தக் கூர்மையை நான் குடிச்சிக்கிறேன். எவ்வளவு வேணும்னு நீ சொல்லு. விட்டா மிச்சம் வைக்கமாட்டேன்."

அவன் கம்பியை விரலால் திருகினான். ஆழமாக இறக்கினால் கிட்டார் போர்வைக்குள் போய்விட்டது. கொஞ்சம் வெளியே எடுத்தான். இன்னும் கொஞ்சம். அங்கே நிறுத்தினான். அந்த இடத்தில் அண்ணன் குரல் தண்ணீர்போல் பரந்தது, பிலோமியின் சொல் அதன்மேல் வள்ளம்போல் மிதந்து போனது.

*அலையை இடத்தோளில் வாங்கு, ராசா...*

"திரும்பினாங்களா?" என்றாள்.

தெரியவில்லை. சங்கைக் கேட்டால்தான் தெரியும். கிட்டாரை நிறுத்தினான். அப்போதுதான் அது கேட்டது. குழாயிலிருந்து ஒரு முனகல். ங்ங்ங் என்று. கரண்டின் முனகல். ஒரு வாய் மட்டும் திறந்திருந்ததால் அது தடையில்லாமல் நுழைந்தது. கோபுரத்திலிருந்து இறங்கி, கரையில் நின்றவர்கள் காதை அடைத்தது. அதற்குள் சங்கு எங்கே கேட்கும்?

"அணைச்சிருல சிலுவை!"

"அணைச்சா திரும்பச் சூடாக நேரமாகும். அதுக்குள்ள மதினி குரல் இல்லாம அவங்க எங்க போவாங்க?"

சேசடிமை வெறுங்கையைப் பார்த்தான். எதுவும் மிச்சமில்லை. தகட்டை இழுத்து நடுவில் வைத்தான். இரண்டு நுனியும் தொட்டன. முனகல் இரண்டு மடங்கானது.

அண்ணன்தான் முதலில் பேசினான். முனகலுக்கு அடியிலிருந்து.

"தம்பி."

"என்ன?"

"இந்த முனகலு நம்ம ரெண்டு பேரு வழியாத்தான் வருது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து நிக்கதால கூடுது. நீ முதுகைத் திருப்பி நின்னா, உன்கிட்ட வர்றதும் என்கிட்ட வர்றதும் ஒண்ணோட ஒண்ணு மோதிச் செத்துரும்."

"முதுகைத் திருப்பினா உன் பேச்சு எனக்குக் கேக்காதே."

"கேக்காது."

"எப்பவுமா?"

"ஒரு தடவை மாத்திச் சுத்தின கம்பி பழையபடி சுத்தாது, தம்பி. எப்பவும்தான்."

மழை பெய்தது. பிலோமி மைக்கைப் பிடித்துக்கொண்டு இருமினாள். தம்பி அந்த இருமலைக் கேட்டான். தன் குரல் அல்லாத ஒன்றுக்கு அவன் முதல்முதலாகக் காதைக் கொடுத்தது அப்போதுதான்.

"லாசருங்கிறது அந்தம்மா புருசனா?"

"ஆமா."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றான் தம்பி. முதுகைத் திருப்பினான். அவன் கம்பியெல்லாம் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டது. காந்தம் தலைகீழானது.

முனகல் செத்தது.

குழாய் திறந்துதான் இருந்தது, ஒரு சத்தமும் இல்லை. மழையும் அலையும் மட்டும். சேசடிமை தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான். சிலுவை மூச்சை அடக்கினான்.

சங்கு.

வடக்கே இல்லை. நடுவில்.

பிலோமி கீழே உட்கார்ந்துவிட்டாள். "நேரா வரச் சொல்லணும்" என்றாள். குரல் வெறும் காற்று. சேசடிமை தகட்டைக் கழுத்துப் பக்கம் தள்ளி, சிலுவையிடம் மைக்கை அவள் வாய்க்கருகே இறக்கிப் பிடிக்கச் சொல்லி, தந்தியை மெதுவாகத் தொட்டான். அவள் பாடவில்லை, சொன்னாள். அதுவே போதுமாக இருந்தது. கிட்டார் அவள்மேல் ஏறவில்லை.

வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மழையிலிருந்து வெளியே வந்தன. லாசர் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து நடந்து வந்தான். பெண்சாதியைப் பார்த்தான். சேசடிமையைப் பார்த்தான்.

"ஏல, உன் கிட்டாரு எப்பவும் நாய்ச்சண்டை மாதிரில்ல இருக்கும். இன்னைக்கு யாரு அதை அடக்கினது?"

"அதுவாத்தான் அடங்கிச்சு."

சேசடிமை கிட்டார் முதுகில் தட்டினான். பழைய பழக்கம். "அண்ணே" என்றான். "தம்பி" என்றான்.

பதில் இல்லை. கோயில் மூலையில் கிடந்த ஆர்மோனியமும் வாயைத் திறக்கவில்லை. மற்ற கருவிகள் எல்லாம் அன்றைக்கே பேச்சை விட்டன. துக்கமோ மரியாதையோ, யாருக்குத் தெரியும்.

அன்று முதல்தான் கிட்டாரில் தகட்டின் இடத்தில் ஒரு சுவிட்சும் தூண்டில் கம்பியின் இடத்தில் ஒரு திருகு குமிழும் வந்தன. கூப்பிட வேண்டுமானால், பாட்டுக்கு நடுவே தனியாக முழங்க வேண்டுமானால், கிட்டார்காரன் சுவிட்சைத் தம்பி பக்கம் தள்ளுகிறான். பாடுகிறவள் வாயைத் திறக்குமுன் அண்ணன் பக்கம் தள்ளுகிறான், சுண்டுவிரலால் குமிழைத் திருகிக் கூர்மையைக் கொஞ்சம் மண்ணுக்குக் கொடுக்கிறான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் சுவிட்சை நடுவில் வைத்துவிட்டு, ஏன் என்று தெரியாமலே ஒரு கணம் தலையைச் சாய்த்து, சங்கு கேட்கிறதா என்று பார்ப்பவன்போல் நிற்கிறான்.