ஆமைக்குளத்தார் கபடி விளையாட்டை நம்ப வைத்த கதை

ஆமைக்குளத்தில் புத்திசாலிகளே இல்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். இருந்தார்கள். எல்லோரும் வெளியூரில் வேலையாக இருந்தார்கள், அவ்வளவுதான். மிச்சம் இருந்தவர்களில் நாலு பேர் சேர்ந்து விடிவெள்ளி நற்பணி மன்றம் நடத்தினார்கள். மாசிலாமணி தலைவர். சடையாண்டி செயலாளர். பிச்சைக்கனி துணைத் தலைவர். அந்தோணிச்சாமிக்குக் கொடுக்கப் பதவி மிச்சமில்லாததால் அவர் பொதுமக்கள். மன்றம் எந்தத் தீர்மானம் போட்டாலும் "பொதுமக்கள் ஏகமனதாக ஆதரிக்கிறார்கள்" என்று சடையாண்டி அறிவிப்பார். அந்தோணிச்சாமி கையைத் தூக்குவார்.

மன்றத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குள் 'கபடிப் புயல்' என்று ஒரு விளையாட்டு. வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் பக்கத்து ஊர் மேலக்குறிச்சிக்காரர்களோடு அதில் போட்டி நடக்கும். தோற்ற ஊர்க்காரர்கள் அடுத்த பொங்கல் வரை ரயில்வே கேட் டீக்கடைப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இது சாதாரணத் தண்டனையா? மாசிலாமணிக்கு அந்தக் கடை டீ உள்ளே இறங்கினால்தான் எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்றே பிடிபடும்.

தீபாவளிக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டர் காலமானது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, "ரொம்பச் சூடாகுது, அப்பப்ப ஆத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சடையாண்டி தாமதிக்கவில்லை. அதை ஆத்துக்கே தூக்கிக்கொண்டு போய் நன்றாக முக்கி எடுத்து, துண்டால் துவட்டிக் கொண்டுவந்து வைத்தார். சூடு தணிந்தது. அதன்பிறகு ஏறவே இல்லை.

மாசிலாமணியின் அக்கா மகள் பூங்கோதை பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு, தான் வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றைப் பொங்கல் நெருக்கத்தில் மன்றத்துக்கு அனுப்பி வைத்தாள். மாமாவுக்கு ஆங்கிலம் சிரமம் என்று எல்லாச் செய்தியும் தமிழிலேயே வரும்படி செய்திருந்தாள். அந்த ஒரு நல்ல காரியத்தால்தான் இத்தனையும் நடந்தது.

கபடிப் புயலின் நகல் ஒன்று ஆத்துக்குப் போகாமல் பென்டிரைவில் இருந்தது. அதைச் செருகிப் பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. மாசிலாமணி போனைப் போட்டார்.

"மாமா, உங்க விளையாட்டு வேற சிஸ்டத்துக்குன்னு செஞ்சது. நான் அனுப்பினதுல இருக்கிறது லினக்ஸ். ரெண்டுக்கும் பேச்சு வேற. நடுவுல ஒரு மென்பொருள் போட்டா, இது பேசறதை அதுக்கு மாத்திச் சொல்லும், அது சொல்றதை இதுக்கு மாத்திச் சொல்லும். விளையாட்டு பாட்டுக்குத் தன் சொந்த வீட்டுலதான் இருக்கோம்னு நம்பிக்கிட்டு ஓடும்."

"நம்பிருமாம்மா?"

"நம்ப வைக்கிறதுதான் மாமா ஆபீஸ்ல எனக்கு வேலையே."

சம்பளம் கொடுத்து ஏமாற்றச் சொல்கிற ஆபீசும் இருக்கிறதே என்று மாசிலாமணிக்கு ஆச்சரியம். ஆனாலும் குடும்பத்துப் பெண் நல்ல நிலைமையில் இருக்கிறாள் என்று மனசு குளிர்ந்தது.

"ஆனா அது இன்னும் அரைகுறைதான் மாமா. எங்க முட்டுதுன்னு தெரிஞ்சாத்தான் சரி பண்ண முடியும். திரையில வர்றதை அப்படியே எனக்குப் படிச்சுச் சொல்லுங்க. நீங்களா எதுவும் பண்ணாதீங்க."

போனை வைத்ததும் நாலு பேரும் எதுவும் பண்ணாமல் நின்றார்கள். உட்காருவதும் ஒரு காரியம்தானே என்று சடையாண்டி சொன்னதால் உட்காரவும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு பிச்சைக்கனிதான் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தார்.

"தலைவரே, நாமளா பண்ணக் கூடாதுன்னுதான் பிள்ளை சொல்லிச்சு. கம்ப்யூட்டர் சொன்னா பண்ணலாம்ல?"

பொதுமக்கள் ஏகமனதாகக் கையைத் தூக்கினார்கள்.

பூங்கோதை அனுப்பிய மென்பொருளை ஏற்றினார்கள். திரையில் முதல் செய்தி வந்தது: தேவையான நூலகம் கிடைக்கவில்லை.

"கிடைக்காம என்ன? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதானே இருக்கு" என்றார் அந்தோணிச்சாமி.

கிளை நூலகத்துக்குப் போய் நாலு பேரும் உறுப்பினர் ஆகி, ஆளுக்கு ஒரு புத்தகம் எடுத்துவந்து கம்ப்யூட்டரின் தலைமேல் அடுக்கினார்கள். இப்போது வேறு செய்தி வந்தது: நூலகம் மிகவும் பழையது. புதிய பதிப்பு தேவை.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி நூலகத்துக்கு ஓடி, கம்ப்யூட்டர் இப்படிக் குறை சொல்கிறது என்று நூலகரிடம் சொன்னார்கள்.

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். "வாஸ்தவம்தான். புதுப் புத்தகம் வந்து எத்தனையோ வருஷமாச்சு. கேட்டுக் கேட்டு நானே விட்டுட்டேன். அது உங்க கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பெங்களூர்ல இருந்து வந்தது சார்" என்றார் மாசிலாமணி அடக்கமாக.

சாயங்காலம் பூங்கோதை கூப்பிட்டாள். அந்த இரண்டு செய்தியையும் கேட்டு, கம்ப்யூட்டர் நூலகம் என்று சொன்ன துணைக்கோப்புகளை அங்கே உட்கார்ந்தபடியே திருத்தி, புதிதாக ஒன்றை அனுப்பினாள். விளையாட்டின் பெயர் மட்டும் திரையில் வந்து மறைந்தது. பின்னாலேயே வந்த செய்தியைப் பிச்சைக்கனி வாய்விட்டுப் படித்தார்: தாய்ச் செயல் முடிந்துவிட்டது. சேய்ச் செயல் அனாதையாக உள்ளது.

அந்தோணிச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். சடையாண்டி மன்றக் கொடியை அரைக் கம்பத்துக்கு இறக்கினார். வாசலில் பெஞ்சு போட்டு நாலு பேரும் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் யார் எவர் என்று கேட்காமலே வந்து கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பூங்கோதை மறுபடி கூப்பிட்டாள். "என்ன மாமா வருது?"

மாசிலாமணி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். "தாய் தவறிட்டும்மா. பிள்ளை மட்டும் தனியாக் கிடக்கு."

"ஐயோ! யாரோட தாய் மாமா?"

"விளையாட்டோட தாய்."

அவள் மெதுவாக, "செய்தியை அப்படியே படிங்க மாமா" என்றாள். படித்தார். "சரி. நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அனாதைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன அந்த மனசை நினைத்து மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் அனுப்பியது வந்தது. கபடிப் புயல் ஓடியது! கட்டம் தெரிந்தது, ஆட்கள் தொடையைத் தட்டினார்கள், ஸ்பீக்கரில் கபடி கபடி என்று சத்தம் வந்தது. மன்றமே குதித்தது.

"ரெடி மாமா. இனிமே அது சொந்த வீட்டுல இருக்கிறதா நம்பிக்கும்" என்றாள் பூங்கோதை.

குதிப்பதை முதலில் நிறுத்தியவர் சடையாண்டி. "தலைவரே, உள்ளுக்குள்ள நம்ப வச்சாச்சு. வெளியே எட்டிப் பார்த்தா?"

எல்லோரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். நியாயமான கேள்வி. பழைய கம்ப்யூட்டர் செத்த பிறகு சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். மேஜை மாறியிருந்தது. புது வருஷத்துக் காலண்டர் தொங்கியது.

பழைய மேஜை வந்தது. ஆடுகிற காலுக்கு அடியில் செங்கல் வந்தது. சுவரில் அடுப்புக்கரி பூசினார்கள். பழைய தினசரிக் காலண்டரையும் தேடிப் பிடித்து மாட்டினார்கள். அதில் பழைய கம்ப்யூட்டர் செத்த நாளின் தேதி அப்படியே இருந்தது, தீபாவளிகூட வரவில்லை.

"அப்ப போட்டி எப்படி நடக்கும்?" என்றார் பிச்சைக்கனி. "தீபாவளிக்கு முன்னாலயே பொங்கல் போட்டி வச்சா அதுக்குச் சந்தேகம் வராதா?"

"கிழிச்சிற வேண்டியதுதான்" என்றார் சடையாண்டி.

"ஒரேயடியாக் கிழிச்சா பயந்துரும். ஒவ்வொரு நாளாப் போகணும்."

அப்படியே செய்தார்கள். சடையாண்டி ஒரு தாளைக் கிழிப்பார். பிச்சைக்கனி விளக்கை அணைப்பார். நாலு பேரும் குறட்டை விடுவார்கள். விளக்கைப் போடுவார், நாலு பேரும் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறிப்பார்கள். அடுத்த தாள். தீபாவளித் தாள் வந்தபோது எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலில் சரவெடி கொளுத்தினார்கள். தை மாசத்தில் வெடிச்சத்தம் கேட்டு, யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. மார்கழிக்குப் போர்வை போர்த்திக்கொண்டார்கள். பழைய காலண்டரில் தாள் தீர்ந்ததும் புதுசை மாட்டி, அதில் ஏற்கெனவே கிழித்த தாள்களைத் திரும்ப ஒட்டி மறுபடி கிழித்தார்கள். பொங்கலையும் அறைக்குள்ளேயே பொங்கி, ஒரு வாய் விளையாட்டுக்குக் காட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். காலண்டர் நிகழ்காலத்துக்கு வந்து சேர்ந்தபோது, மாசிலாமணிக்கு ஒரே காலையில் மூன்று மாசம் வயதானது போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேலக்குறிச்சிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குக் கேப்டன் பெத்தபெருமாள். மீசை பெரிசு, குரல் அதைவிடப் பெரிசு. உள்ளே நுழைந்ததும், "என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டர் புதுசா இருக்கே!" என்று முழங்கினார்.

நாலு பேரும் பாய்ந்து அவர் வாயைப் பொத்தி, அலாக்காகத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள். வேப்பமரத்தடியில் வைத்து விஷயத்தைக் காதோடு காதாகச் சொன்னார்கள். பெத்தபெருமாள் சண்டைக்கு வருவார் என்று மாசிலாமணி நினைத்தார். அவரோ மீசையை நீவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார்.

"அதுக்கு வீடு தெரிஞ்ச வீடு. சரி. கை? வருஷம் பூரா அதுல ஆடிப் பழகினது யாரு?"

"நான்தான்" என்றார் மாசிலாமணி.

"அப்ப எங்க கை பட்டா வேற்று ஆள்னு கண்டுபிடிச்சிராதா?"

இது மன்றத்தில் யாருக்குமே தோன்றவில்லை. மேலக்குறிச்சிக்காரர்களை இத்தனை நாள் முட்டாள்கள் என்று நினைத்ததற்காக மாசிலாமணி மனசுக்குள் வருத்தப்பட்டார். பூங்கோதைக்குப் போன் போட்டு, நடுவில் இருந்து மாற்றிச் சொல்கிற மென்பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று மட்டும் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் சொல்றதை அப்படியே செய்யணும் மாமா. ஒரு பக்கமா சாயக் கூடாது. ஏன்?"

"சும்மாதாம்மா" என்று வைத்துவிட்டார்.

ஆகவே மாசிலாமணியே நடுவில் உட்கார்ந்தார். எந்தப் பக்கமும் சாயாதபடி அவர் முதுகில் ஒரு பலகையை வைத்துக் கட்டினார்கள். இடது காதில் சடையாண்டி ஆமைக்குளத்தின் ஆட்டத்தைச் சொல்ல, அதை இடது கை ஆடியது. வலது காதில் பெத்தபெருமாள் மேலக்குறிச்சியின் ஆட்டத்தைச் சொல்ல, அதை வலது கை ஆடியது. விளையாட்டுக்குக் கேட்டுவிடும் என்பதால் எல்லாம் கிசுகிசுப்புதான். கூட்டம் உள்ளங்கை படாமல் கைதட்டியது.

கடைசிக் கட்டத்தில் இரண்டு பக்கமும் முப்பது முப்பது. வலது கை பாடிப் போகிறது. இடது கை பிடிக்க வேண்டும். டீக்கடையின் ஆவி மாசிலாமணியின் மூக்குக்குள் வந்தது. வலது கையைக் கொஞ்சம், ஒரு நூல் அளவு, மெதுவாக்கினால் போதும். யாருக்குத் தெரியும்? அவர் நெற்றியில் வியர்வை இறங்கியது. ஆனால் சாயக் கூடாது என்று பெங்களூரிலிருந்து சொல்லியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தொட்டுவிட்டுத் திரும்பியது. முப்பத்தொன்று.

"ஜெயிச்சது நாங்க!" என்று கிசுகிசுத்தார் பெத்தபெருமாள்.

"ஜெயிச்சது எங்க தலைவர்" என்று கிசுகிசுத்தார் பிச்சைக்கனி.

"தோத்ததும் அவர்தானே?" என்றார் அந்தோணிச்சாமி.

வேப்பமரத்தடியில் இரண்டு ஊரும் உட்கார்ந்து விவாதித்தன. மாசிலாமணி ஜெயித்தார் என்றால் அவர் டீ குடிக்கலாம். தோற்றார் என்றால் குடிக்கக் கூடாது. முழு ஆளாக வைத்துப் பார்த்தால் வழக்கு தீராது என்று தெரிந்ததும், ஆளைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. வலது கை மேலக்குறிச்சி, அது ஜெயித்தது. இடது கை ஆமைக்குளம், அது தோற்றது. தோற்ற கை டீ கிளாஸைத் தொடாமல் இருந்தால் போதும். தண்டனை அந்த ஒரு கையோடு முடிந்ததில் ஊருக்கே நிம்மதி.

மேலக்குறிச்சிக்காரர்கள் தங்கள் கையை ஊர்வலமாகக் கூட்டிப்போக வேண்டும் என்றார்கள். வலது மணிக்கட்டில் மாலை போட்டார்கள். தோற்ற கை அடுத்த ஊர்க் கொண்டாட்டத்தைப் பார்த்தால் மனசு உடைந்துவிடும் என்று, சடையாண்டி அதைத் துண்டால் சுற்றிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். மேளம் முன்னே போனது. மாசிலாமணி வலது கையை உயரத் தூக்கியபடி, முதுகுப் பலகையோடு விறைப்பாக நடந்தார்.

மேலக்குறிச்சியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அட பாவமே, அந்தக் கைக்கு என்னய்யா? அடி பட்டிருச்சா?"

"அடியெல்லாம் இல்லம்மா" என்றார் சடையாண்டி, கட்டுக்குள் இருந்த கைக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தணித்து. "தோல்வி."