சுணையை உதிர்த்த நீலப்பூச்செடி

ஒரு மலைக்காட்டின் ஓரம், பாறைச் சரிவில், ஒரு நீலப்பூச்செடி இருந்தது. அதன் தண்டு முழுக்கச் சுணை, பொடி மயிர். தொட்டால் ஒட்டும், அரிக்கும். பூவிதழில் மட்டும் ஒரு மயிர்கூடக் கிடையாது.

மழைக்கு முன்னால் அது விதை பிடிக்க வேண்டும். அதற்காக ஒரு தேனீ தினமும் வந்து, ஒரு வாய் தேன் குடித்து, மகரந்தம் பூசிவிட்டுப் போகும்.

"கொஞ்ச நேரம் இருந்து பேசேன்," என்றது செடி.

"மலை முழுக்கச் சுற்றணும் அக்கா. நாளைக்கு வருகிறேன்," என்றது தேனீ.

பக்கத்து மஞ்சள்பூச்செடிக்கோ வழவழப்பான தண்டு. அதில் நாள் முழுக்க எறும்புகள் ஏறி இறங்கும், ஒரே கலகலப்பு. அதைப் பார்த்துப் பார்த்து நீலப்பூச்செடி ஏங்கிப்போனது.

ஓர் எறும்பு அதைக் கவனித்தது. "அக்கா, உங்களிடம் வர எங்களுக்கும் ஆசைதான். இந்தச் சுணை காலைப் பிடித்துக்கொள்கிறதே."

"சுணை போனால் வருவீர்களா?"

"வந்தால், போகச் சொன்னாலும் போக மாட்டோம்."

அந்த வழியே ஒரு வரையாடு வந்தது. "மாமா, உங்கள் கழுத்தை என் தண்டில் தேய்த்துவிடுங்கள்," என்று செடி கெஞ்சியது.

"யோசித்துத்தான் சொல்கிறாயா?"

"தனியாக நின்று அலுத்துவிட்டது மாமா."

ஆடு தேய்த்தது. சுணை உதிர்ந்தது.

எறும்புகள் நூறு நூறாக ஏறின. செடியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே பூவுக்குள் போய்க் குடித்தன.

"தேனீக்குக் கொஞ்சம் வையுங்கள். இறங்குங்கள்," என்றது செடி.

"போகச் சொன்னாலும் போக மாட்டோம் என்று சொன்னோமே," என்றது எறும்பு.

தேனீ வந்தது, எட்டிப் பார்த்தது, உட்காராமலே போய்விட்டது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"உன்னிடமும்தானே எறும்புகள் ஏறுகின்றன, உனக்கு மட்டும் எப்படித் தேனீ வருகிறது?" என்று மஞ்சள்பூச்செடியிடம் நீலப்பூச்செடி அழாக்குறையாகக் கேட்டது.

"எனக்கு இலைக்காம்பிலும் தேன் சுரக்கும். எறும்புகள் அதோடு திரும்பிவிடும், பூப்பக்கம் போகாது. உனக்குப் பூவில் மட்டும்தானே தேன்?"

"இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ என்னிடம் பேசியதே இன்றைக்குத்தானே," என்றது மஞ்சள்பூச்செடி.

மழை பிடித்தது. நீலப்பூ ஒரு விதைகூட வைக்காமல் உதிர்ந்தது.

நீதி: அடுத்தவரைப் பார்த்து ஏங்கி, நம்மைக் காப்பதை நாமே உதறக் கூடாது.