போன வருஷத்துக்குப் போட்ட சட்டம்

பந்தாட்டப் பைத்தியம் பிடித்த காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அங்கே முள்ளம்பன்றிக்குத்தான் பைத்தியம் அதிகம். ஆனால் பாவம், அதனால் ஆட முடியாது. கிட்டே போனாலே பந்து 'டப்'பென்று வெடித்துவிடும். அதனால் ஓர் அணியைச் சேர்த்துவிட்டு, மைதானத்து ஓரமாக நின்று கத்தும்.

ஆட்டக்காரர்களுக்குப் பழம்தான் சம்பளம். ஓர் அணி ஒரு கூடைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு வருஷம் பலா காய்த்துத் தள்ளியது. தலைவர் கரடி பாறைமேல் ஏறி, "இந்த வருஷம் அளவே கிடையாது! இஷ்டம்போல் கொடுங்கள்!" என்று அறிவித்தது.

முள்ளம்பன்றி சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் வாரிக் கொடுத்தது. மான் வந்தது, குரங்கு வந்தது, முயல் வந்தது. அணி ஜெயித்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம், சாயங்காலமானால் வளைக்கு வெளியே ஒரே பேச்சும் சிரிப்பும்தான். அதுவரை முள்ளம்பன்றியோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை.

எதிர் அணியைச் சேர்த்துத் தோற்றுப்போன நரிக்கு வயிறு எரிந்தது. மறு வருஷம் கரடியிடம் போய்க் குழைந்தது.

"தலைவரே, அளவு கிடையாது என்றீர்கள். ஆனால் உங்கள் மனசுக்குள் ஓர் அளவு இருந்திருக்குமே? எங்களுக்கெல்லாம் புரிந்தது. அந்த முள்ளம்பன்றிக்குத்தான் புரியவில்லை!"

கரடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமாம், ஆமாம், இருந்தது! இந்த வருஷம் முள்ளம்பன்றி அரைக் கூடைதான் கொடுக்கலாம்!" என்றது.

முள்ளம்பன்றி ஓடி வந்தது. "நான் எந்தச் சட்டத்தை மீறினேன், தலைவரே?"

"இன்றைக்குப் போட்ட சட்டத்தை."

"நான் கொடுத்தது போன வருஷம் ஆயிற்றே!"

"சட்டம் பின்னாலும் நடக்கும்," என்று நரி சிரித்தது.

அரைக் கூடையில் யாருக்குப் பசி ஆறும்? மான் போனது. குரங்கு போனது. கடைசியாக முயல், "கோபித்துக்கொள்ளாதே அண்ணா, வீட்டில் குட்டிகள் இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு ஓடியது. அன்று சாயங்காலம் முள்ளம்பன்றி தனியாகச் சாப்பிட உட்கார்ந்தது.

அதற்கு அடுத்த வருஷமும் பலா காய்த்துத் தள்ளியது. கரடி பாறைமேல் ஏறி, "அளவே கிடையாது!" என்று மறுபடியும் அறிவித்தது. ஒருவரும் அசையவில்லை.

"நரியே, நீயாவது ஓர் அணி சேரேன்!"

"ஐயோ, ஆளை விடுங்கள்! நாளைக்கு உங்கள் மனசுக்குள் என்ன அளவு இருக்குமோ!" என்று நரி ஓட்டம் பிடித்தது.

மைதானத்தில் கரடியும் பந்தும்தான் மிச்சம். ஓரத்தில், பழைய இடத்தில், முள்ளம்பன்றி நின்றுகொண்டிருந்தது.

"நீயாவது ஆட வாயேன்," என்று கரடி கெஞ்சியது.

"நான் வந்தால் பந்து வெடிக்கும், தலைவரே. ஆடத் தெரிந்தவர்களைத்தான் விரட்டிவிட்டீர்களே," என்று சொல்லிவிட்டு அது தன் வளைக்குப் போய்விட்டது.

கரடி பந்தை உதைத்தது. பந்து அந்தக் கோடிக்கு உருண்டு போய் நின்றது. திருப்பி உதைக்க யாரும் இல்லை. கரடியே நடந்து போய் எடுத்து வந்தது.

நீதி: செய்யச் சொல்லிவிட்டுப் பிறகு அதற்கே தண்டனை கொடுப்பவரின் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.