நண்டு வரைந்த பூனை

குளக்கரை ஈரமண்ணில் ஒரு நண்டு படம் வரைந்துகொண்டிருந்தது. காலை இழுத்து நடந்தால் கோடு. கொடுக்கால் குத்தினால் புள்ளி. அன்று அது வரைந்தது காட்டுப்பூனையை.

வாத்துதான் கேட்டிருந்தது. “நண்டுத் தம்பி, இந்தப் பக்கம் காட்டுப்பூனை நடமாடுதாம். என் குஞ்சுங்க பூனையைக் கண்ணால பார்த்ததே இல்லை. நான் இல்லாத நேரத்தில வந்தா, விளையாடக் கூப்பிடுதுன்னு கிட்டப் போயிடும்! ஒரு படம் போட்டுக் காட்டேன்.”

நண்டுக்குப் பெருமை தாங்கவில்லை. அதன் அப்பனும் பாட்டனும் வளை தோண்டியதோடு சரி. படம் கேட்டு அவர்களிடம் யாரும் வந்ததில்லை.

படம் முடிந்ததும் தவளை தாவி வந்தது. “அண்ணே, அசத்திட்டீங்க! உயிரோட உட்கார்ந்திருக்கு!” வெயிலுக்கு ஒதுங்க நண்டின் வளையில் அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. படத்தை அது சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

நாணல் மேலிருந்து மீன்கொத்தி எட்டிப் பார்த்தது. “வால் நல்லா வந்திருக்கு. காதுதான் ரொம்ப நீளம். முதுகும் ஒரு பக்கமாச் சரியுது. முயல் மாதிரி இருக்கு.”

“உனக்குப் பொறாமை!” என்றது நண்டு.

“பொறாமையேதான் அண்ணே!” என்றது தவளை.

குஞ்சுகள் படத்தைச் சுற்றி நின்று பாடம் படித்தன. மறுநாள் காலை புல் மேய முயல் வந்தது. “பூனை! பூனை!” என்று கத்திக்கொண்டு அத்தனையும் குளத்தில் குதித்தன. மிரண்டுபோன முயல் புதருக்குள் பாய்ந்தது. தவளை உருண்டு உருண்டு சிரித்தது.

சாயங்காலம் உண்மையான பூனை வந்தது.

“காது குட்டையா இருக்கு. அப்போ இது பூனை இல்லை!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடைசிக் குஞ்சு அதன் மூக்கருகிலேயே போய் நின்றது. பூனை பாய்ந்தது! மீன்கொத்தி வீறிட்டது. வாத்து ஓடி வந்து இறக்கையால் அறைந்தது. குஞ்சு எப்படியோ பிழைத்தது. பூனையின் வாயில் சில வால் இறகுகள்தான் மிஞ்சின.

நண்டுக்கு அன்று இரை இறங்கவில்லை. நாணலடிக்குப் போய் நின்றது.

“அக்கா, எல்லாம் என்னாலதான். நான் இந்தக் கரையை விட்டே போயிடறேன்.”

“நீ போயிட்டா அந்தக் காது குட்டையாகிடுமா? மண்ணுக்கு வா!” என்றது மீன்கொத்தி. “நான் மேலேயிருந்து பார்க்கிறேன், அதனால தெரியுது. நீ முன்னால நடக்கப் பார்க்கிறே, கால் உன்னைப் பக்கவாட்டில இழுக்குது. கோடும் கூடவே சரியுது. கோடு போக வேண்டிய திசைக்கு உன் பக்கவாட்டைத் திருப்பிக்கோ. அப்புறம் உன் நடையிலேயே நட!”

நண்டு நடந்தது. கோடு நாணல் போல நேராக வந்தது! அதற்கே நம்ப முடியவில்லை.

அதன்பின் வெறும் கோடுகள்தான். கோடு படிந்ததும், நத்தை ஓட்டைச் சுற்றிச் சுற்றி வட்டம். பிறகு முக்கோணம். மீன்கொத்தி முதலில் நன்றாக வந்ததைச் சொல்லும். அப்புறம் திருத்த வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்லும். நண்டு மண்ணை வழித்துவிட்டு மறுபடி வரையும்.

“என்ன அண்ணே, ஒரே முட்டையாப் போடறீங்க? பசியா?” என்று தவளை நக்கலடித்தது.

“காது சரியா வர்ற வரைக்கும் முட்டைதான். நீ நகரு, வட்டத்தை மிதிக்காதே!”

ஒரு நாள் நண்டு மறுபடியும் பூனையை வரைந்தது. வழக்கம்போலப் புகழ்வதற்கு வாயைத் திறந்துகொண்டே தவளை கரையேறியது. படத்தைப் பார்த்தது. “ஐயோ!” என்று அலறித் தண்ணீருக்குள் விழுந்தது. அது உண்மையாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான்!

குஞ்சுகள் புதிதாகப் பாடம் படித்தன. சில நாள் கழித்துப் பூனை பதுங்கிப் பதுங்கி வந்தது. புதருக்கு வெளியே காது நுனி தெரிந்ததுதான் தாமதம், வாலில்லாத கடைசிக் குஞ்சு கத்தியது: “குட்டைக் காது! குதிங்க!” பூனை வந்து சேர்ந்தபோது கரையில் ஒரு குஞ்சுகூட இல்லை.

நண்டு நாணலை அண்ணாந்து பார்த்தது. “இப்போ எப்படி அக்கா?”

“அருமை! இடது காது மட்டும் கொஞ்சம் பெரிசு.”

நண்டு சிரித்துக்கொண்டே அந்தக் காதை வழித்துவிட்டு, பக்கவாட்டைத் திருப்பி நின்றது.

வேலை திருந்த வேண்டுமானால், வாய் நிறையப் புகழ்கிறவரை விட, குறையைச் சொல்லித் திருத்தும் வழியையும் காட்டுகிறவரையே அருகில் வைத்துக்கொள்ள வேண்டும்.